பக்கத்து வரிசை

பாத்து உக்காருங்க சார். அங்க இல்ல, இந்தாண்ட. அந்த மூலைல எவனோ வெத்தலைய மென்னு துப்பி வெச்சிருக்கான். பலகை சுத்தமா இருந்தா இவனுங்களுக்குப் பொறுக்காது. ஜன்னல் இருக்குது, கதவு இருக்குது, தலைய நீட்டித் துப்பினா இன்னா? மாட்டான். இன்னொரு மனுசன் உக்கார்ற எடத்துலதான் துப்புவான். சீ, பாத்தாலே கொமட்டுது.

எடம் காலிதான், தாராளமா உக்காருங்க. என் வூட்டுக்காரி லோகம்மா உக்கார வேண்டிய எடம். ஆம்பூர்ல ரெண்டு டிக்கெட்டு எடுத்தேன். ஒண்ணு என்னோட வருது, இன்னொண்ணு பாக்கெட்டுல சும்மா வருது. அவ வரல. நான் ஒரே ஒரு வார்த்தை சரின்னு சொல்லியிருந்தா வந்திருப்பா. சொல்லல. ஏன் சொல்லலன்னு கேட்டுட்டு, தப்பு என் பேர்லயா அவ பேர்லயான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க வெளியூரு. வாத்தியார் வேலைக்கா வர்றீங்க? இன்னா வேலையா இருந்தா இன்னா, வெளியூருதானே, அது போதும். எங்க ஆளுங்களாண்ட கேட்டா நியாயம் கெடைக்காது. தங்கவயல்ல அல்லாரும் ஒருத்தனுக்கு ஒருத்தன் சொந்தக்காரன்.

என் பேரு முனிரத்தினம். நாயக் முனிரத்தினம். பட்டாளத்துல ரெண்டு பட்டை வாங்கினவன், பர்மா வரைக்கும் போய் வந்தவன். இப்ப மைன்ஸ்ல காவல் வேலை. கீழ சொரங்கத்துல இருந்து ஏறி வர்ற ஆளுங்களுக்கு சோதனை போடற வேலை. தங்கம் தோண்டற எடம் சார், சும்மா விட முடியுமா? வாயில வெச்சிகினு வருவான், முடிக்குள்ள சொருவிகினு வருவான். சொல்லக் கூடாத எடத்துல எல்லாம் வெச்சிகினு வருவான். சாப்பிட்டுட்டு வர்றீங்களா? அப்ப வேணாம், விடுங்க.

நாங்க இந்த சீமைக்காரங்க இல்ல. எங்க நைனா ஆம்பூர் பக்கத்துல மேலத்தெருக்காரன் நெலத்துல பண்ணையாளா இருந்தாரு. அந்தத் தெருவுல செருப்பு போட்டுகினு போவக் கூடாது, தோள்ல துண்டு இருக்கக் கூடாது. ஒரு பஞ்சத்துல சொல்லாமக் கொள்ளாம கெளம்பி, பொண்டாட்டி புள்ளையோட நடந்தே மைன்ஸுக்கு வந்துட்டாரு. கீழ எறங்கினா செத்தாலும் சாவோம், ஆனா எவனும் செருப்பக் கழட்டச் சொல்ல மாட்டான்னு வந்தவரு. எங்க ஆளுங்க முக்காவாசிப் பேரு கதை அதுதான்.

என்னைய மொதல்ல கீழ எறக்கினது கன்னியப்பன். லோகம்மாவுக்கு அண்ணன், எனக்கு மச்சான். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே அவனும் நானும் ஒரே மெஷின். பாறையில தொளை போடற மெஷின் சார், ஒருத்தன் தோள் குடுத்து அழுத்தணும், ஒருத்தன் கம்பியப் புடிச்சிகினு நிக்கணும். மாவு மாதிரி தூசி பறக்கும். மூக்குல, காதுல, சோத்துல எல்லாம் அந்தத் தூசிதான். சாயந்திரம் எச்சி துப்பினா சிமெண்டு மாதிரி வரும். நாறப் பொழப்பு. அப்பவே எனக்குப் புடிக்கல. கன்னியப்பன் மட்டும் பாட்டு பாடிகினு மெஷின் ஓட்டுவான். நல்ல வேலைக்காரன், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

சண்டை வந்தப்ப பட்டாளத்துக்கு ஆள் எடுக்க தொரைங்க வந்தாங்க. மைன்ஸ் ஆளுங்கன்னா அவங்களுக்கு வெல்லக்கட்டி. மண்ணத் தோண்டத் தெரியும், வெடி வெக்கத் தெரியும், இருட்டுல பயப்பட மாட்டான். நான் மொதல் நாளே போய் நின்னேன். கன்னியப்பன் வரல. "எவனோ ரெண்டு ராசா அடிச்சிக்கறதுக்கு நம்ம தலையையா குடுக்கறது, போ மாப்ள"ன்னான். அப்பவே எனக்கு அவன் மேல மரியாதை கொறைஞ்சுபோச்சு. ஆம்பளைன்னா ஒரு உத்தரவுக்குக் கட்டுப்படணும் சார்.

பர்மாவுல என் வேலை இன்னான்னு கேளுங்க. கண்ணிவெடி எடுக்கறது. குப்புறப் படுத்துகினு, கம்பிய மண்ணுல சாய்ச்சு சாய்ச்சுக் குத்தி, அப்பால வெரலால தடவி எடுக்கணும். மழைன்னா மழை, அந்த மாதிரி மழைய நான் பாத்ததில்ல. அட்டைப்பூச்சி பூட்ஸுக்குள்ள எல்லாம் ஏறும். செத்துக் கெடப்பான் ஜப்பான்காரன், அவன் வவுத்துக்குக் கீழ கூட வெடிய சொருவி வெச்சிருப்பானுங்க. கைய உள்ள உட்டுத் தடவணும். புழு. இந்த முழங்கை வரைக்கும் புழு. நான் மூஞ்சி சுளிக்கல. எங்க கேப்டன் எல்லார் எதிர்லயும் சொன்னாரு, முனிரத்தினம், உன் வெரலுக்குக் கண்ணு இருக்குதுன்னு. வெக்கமா? வாராவாரம் டாக்டர் எங்கள வரிசையா நிக்க வெச்சு, அவுத்துக் காட்டுன்னுவான். காட்டுவோம். வெக்கத்தையெல்லாம் பெங்களூர் டிப்போலயே கழட்டி வெச்சிட்டுத்தான் கப்பல் ஏறினோம்.

சண்டை முடிஞ்சு திரும்பி வந்தேன். பழைய மெஷினே குடுங்கன்னுதான் போய்க் கேட்டேன், சத்தியமா. தொரை என் பேப்பரப் பாத்துட்டு, நீ சோல்ஜர், உனக்கு ஒழுங்கு தெரியும், காக்கி போடுன்னாரு. காக்கி, பெல்ட்டு, பூட்ஸு. எங்க நைனா செருப்பில்லாம ஓடி வந்த ஆளு. அவரு புள்ளைக்குக் கம்பெனி பூட்ஸு. வேணாம்னு சொல்வீங்களா நீங்க?

அந்த சோதனைக் கொட்டகைல வேலைக்கு சேந்தப்புறம்தான் சார் எனக்கு மனுசன் மேலயே அருவருப்பு வந்துச்சு. ஒரு ஷிப்டு ஏறுச்சுன்னா அந்தக் கொட்டகைல நிக்க முடியாது. வேர்வை, பீடி, வெடிமருந்து, நேத்து சாப்பிட்ட கருவாடு, அல்லாம் சேந்து ஒரு வாடை. வாயத் தொறன்னா சொத்தைப் பல்லு. தலைய ஒதறுன்னா பேனும் தூசியும் கொட்டும். கைய தூக்குன்னா அக்குள்ல சேறு. கோவணத்த அவுன்னா, வேணாம், சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தனும் இருமுவான், என் மூஞ்சிக்கு நேராவே இருமுவான். வேணும்னே செய்வானுங்க. வூட்டுக்குப் போய் கார்பாலிக் சோப்பு போட்டு கையத் தேய்ப்பேன், வாடை போவாது.

இதுல ஒரு பழக்கம் வேற வெச்சிருந்தானுங்க. ரூல் கெடையாது, இவனுங்களா வெச்சுகிட்ட பழக்கம். சோதனை போட நாங்க ரெண்டு பேரு, ரெண்டு வரிசை. என் மாமனாரோ மச்சானோ சம்பந்தியோ என் வரிசைல வந்து நின்னா, நான் வெரல நீட்டி, அந்த வரிசைக்குப் போன்னு அனுப்பிடணும். பக்கத்து வரிசை தாசப்பா பாத்துக்குவான். அவனோட ஆளுங்க வந்தா என்னாண்ட அனுப்புவான். பொண்ணு குடுத்தவன், பொண்ணு எடுத்தவன் கோவணத்துல கை வெக்கக் கூடாதாம். வெச்சா அப்பால ஒரே பந்தியில எப்டி உக்காந்து சாப்பிடறது, மூஞ்சிய எப்டிப் பாக்கறதுன்னு. இன்னா கதை பாருங்க. தாசப்பா வாயத் தொறக்கச் சொல்லிட்டு மோட்டுவளையப் பாத்துகினு நிப்பான். அவன் கைல சோதனையா அது? தடவிக் குடுக்கறது. நானும் மொதல்ல கொஞ்ச நாளு வெரல நீட்டிகினுதான் இருந்தேன். கன்னியப்பன் தலை தெரிஞ்சாலே நீட்டிடுவேன். ஆனா மனசு ஒப்பல. கம்பெனி சம்பளம் குடுக்கறது கையால தடவிப் பாக்கறதுக்கு, வெரல நீட்டறதுக்கு இல்ல.

ஒரு நாள் பகல் ஷிப்டு ஏறி வருது. அன்னிக்குன்னு பாத்து சூப்பர்வைசர் தொரை என் பின்னாலயே வந்து நின்னாரு. என் வேலையப் பாக்கறதுக்குத்தான் வந்திருக்கணும். வரிசைல கன்னியப்பன் வந்தான். வந்து நின்னு, வாய அசைக்காம, "மாப்ள, அந்த வரிசைக்கு அனுப்பு"ன்னான்.

எப்பவும் அவன் கேட்டதில்ல சார். நானா அனுப்புவேன், அவன் போவான், அவ்வளவுதான். அன்னிக்குக் கேட்டான். கேட்டதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஏதோ வெச்சிருக்கான். இவ்வளவு நாளு நான் வெரல நீட்டினதெல்லாம் திருட்டுக்கு வழி வுட்டதுதானான்னு நெஞ்சு கொதிச்சுது. மச்சான்னு பாக்கல. கைய தூக்குன்னேன்.

தூக்கினான். முடியப் பாத்தேன், வாயப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. அரணாக்கவுத்தாண்ட வெரலு போச்சு. சின்னதா ஒரு முடிச்சு, துணியில. எனக்கு மாரு படபடன்னு அடிச்சிகிச்சு. பயத்துல இல்ல சார், சந்தோசத்துல. பர்மாவுல கம்பி நுனி இரும்புல பட்டா வரும் பாருங்க, அந்த சந்தோசம். கன்னியப்பன் என்னைய நேராப் பாத்து, "வேணாம் முனிரத்தினம்"ன்னான். அதுவரைக்கும் மாப்ளன்னுதான் கூப்பிடுவான். பேரச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் மொதல் தடவை.

முடிச்ச அறுத்து எடுத்து, மேஜை மேல வெச்சு, தொரை எதிர்லயே அவுத்தேன்.

தங்கம் இல்ல. கோழை. கோழையும் ரத்தமும், பாதி காஞ்சு பாதி காயாம. அவன் பொண்டாட்டி சாலம்மாவோட சீலைக் கிழிசல்ல துப்பி சுருட்டி முடிஞ்சு வெச்சிருக்கான். என் வெரல்ல எல்லாம் ஒட்டிகிச்சு. பொணத்துக்குக் கீழ கைய உட்டவன் சார் நான், அன்னிக்குக் கொட்டகைக்கு வெளிய ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். தூ.

நீங்க கேப்பீங்க, அத கீழ இருட்டுலயே எங்கனா தூக்கிப் போட்டுட்டு வர வேண்டியதுதானேன்னு. நானும் அவனாண்ட அதத்தான் கேட்டேன். துணிய கண்ட்ரோல்ல அளந்து குடுத்த காலம் சார் அது, சாலம்மாகிட்ட இருந்ததே ரெண்டு சீலை, கிழிசல அலசி அலசித் திரும்பக் குடுத்து அனுப்பியிருக்கா. மேல வந்து எல்லார் எதிர்லயும் இருமித் துப்பவும் பயம். இருமல்ல ரத்தம்னு தெரிஞ்சா டாக்டர் மாரப் படம் எடுப்பான். தூசி அடைச்சிகினு இருந்தா ஆளு ஒதவாதுன்னுடுவான். வேலையும் போச்சு, கம்பெனி குடுத்த லைன் வூடும் போச்சு. அதனால அல்லாருமே மறைக்கறானுங்க. மறைச்சு மறைச்சு என் மூஞ்சியில இருமறானுங்க. நோய மறைக்கறதும் திருட்டுதானே சார்?

தொரை கைக்குட்டையால மூக்கப் பொத்திகினு, என் தோளத் தட்டி, குட் மேன்னாரு. கன்னியப்பன டாக்டராண்ட கூட்டிகினு போகச் சொன்னாரு. மாசம் முடியறதுக்குள்ள அவன் வூட்டக் காலி பண்ணான். எனக்கு ஹெட் காவல் பட்டை வந்துச்சு. நான் புடிச்சது தங்கம் இல்லன்னாலும், மச்சான்னு பாக்காத ஆளுன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல.

அதுல இருந்து பாருங்க, எங்க போனாலும் எனக்குன்னு ஒரு மரியாதை. இந்த வண்டியவே எடுத்துக்கங்க. எதிர் பலகைல நசுங்கிகினு கெடக்கறானுங்க, கதவாண்ட தொங்கிகினு வரானுங்க, ஒருத்தன் கூட நான் உக்காந்த பலகைல உக்கார மாட்டான். தெரியாத ஆளு, நீங்கதான் உக்காந்தீங்க.

வூட்டுலதான் மரியாதை இல்ல. லோகம்மா அழல, கத்தல. கத்தியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். சோத்தத் தட்டுல போட்டு, தரைல வெச்சுத் தள்ளிடுவா. கையில குடுக்க மாட்டா. தண்ணி கேட்டா சொம்ப வாசப்படி மேல வெச்சிட்டுப் போயிடுவா. என் கை அவ மேல படக் கூடாதாம். நான் கை கழுவற மாதிரி இந்த மைன்ஸ்ல எவன் கழுவறான்? அவகிட்ட சோப்பக் காட்டினேன். சோப்புப் போட்டா போவறதா அதுன்னா. இன்னா சொல்றான்னே எனக்குப் புரியல.

கன்னியப்பன் ஆம்பூர் பக்கம் பழைய ஊருக்கே போய்ட்டான். எந்த மேலத்தெருவ உட்டு அவங்கப்பா ஓடி வந்தாரோ, அதே தெருவுல சாலம்மா வரட்டி தட்டி அவனுக்குக் கஞ்சி ஊத்தினா. முந்தாநாளு செத்துட்டான். சேதி வந்ததும் நானும் லோகம்மாவும் போனோம். நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல சார். பொறந்தவ வூட்டுக் கோடி போடணும் இல்ல, நல்ல மல்லு வேட்டியாப் பாத்து வாங்கினேன். காக்கியோடதான் போனேன். பூட்ஸு போட்டுகினு மேலத்தெரு நடுவாலயே நடந்தேன். ஒருத்தன் வாயத் தொறக்கல. எங்க நைனா பாத்திருக்கணும்.

பொணத்தாண்ட போயி கோடிய விரிச்சேன். சாலம்மா எழுந்து என் கையத் தட்டி உட்டா. "அந்த ஒடம்ப உயிரோட இருக்கும்போதே நீ தடவிப் பாத்தாச்சு. போதும். தொடாத"ன்னா. அத்தினி பேரு எதிர்ல. சாவு வூட்டுல பேசற பேச்சா அது? துக்கத்துல இருக்கறான்னு உட்டுட்டேன். லோகம்மா என் கைல இருந்து வேட்டிய வாங்கி, அவளே அண்ணன் மேல போத்தினா. வாங்கும்போது கூட நுனியப் புடிச்சு வாங்கினா.

எடுத்துட்டு வந்தப்புறம் பெரியவங்க உக்காந்து பேசினாங்க. கன்னியப்பன நிறுத்தினப்பவே, அவனுக்குப் பதிலா அவங்க வூட்டு ஆளு ஒருத்தனுக்கு வேலை தரேன்னு கம்பெனி ஒத்துகினு இருக்குது. தம்பிக்காரன் வரதன் போறதுன்னு முடிவாச்சு. இருவத்தஞ்சு வயசு, போன வருசம்தான் கல்யாணம். சின்னதுல இருந்து லோகம்மா இடுப்புலயே வளந்தவன். அவ அவனத் தம்பின்னு சொல்ல மாட்டா, புள்ளைம்பா. திங்கக்கிழமை கீழ எறங்கறான். எங்க வூட்டுலதான் தங்கப் போறான், என் சோத்தத்தான் தின்னப் போறான். நான் வேணாம்னு சொன்னேனா? வாடான்னேன்.

பொழுது சாஞ்சதும் கெளம்பினேன். திங்கக்கிழமைக்குள்ள வூட்டக் கூட்டிப் பெருக்கி வெக்கணும், நீயும் வான்னேன். லோகம்மா பின்னாலயே வந்தா. வயக்காடு, ரோடு, ஸ்டேசன் வரைக்கும் ஒரு பேச்சு இல்ல. சரி, கோவம் தீந்துபோச்சுன்னுதான் ரெண்டு டிக்கெட்டு எடுத்தேன். நான் ஏறி ஜன்னலாண்ட உக்காந்தேன். அவ ஏறல. கீழயே நின்னுகினு அப்பதான் வாயத் தொறந்தா.

"வேலைய உடுன்னு சொல்லல. அண்ணி கால்ல வுழுன்னு சொல்லல. அண்ணனுக்கு நீ செஞ்சது தப்புன்னு கூட நீ சொல்ல வேணாம். வரதன் மேல ஏறி வந்து உன் எதிர்ல நிப்பான் இல்ல, அப்ப பக்கத்து வரிசைக்குப் போடான்னு ஒரு வெரலக் காட்டு. காட்டறேன்னு சொல்லு, இப்பவே ஏறி வரேன்."

கேட்டீங்களா சார்? அவ்வளவுதான் அவ கேட்டது. சின்ன விசயம்னு தோணும். அங்கதான் இருக்குது சூது. இன்னிக்கு இவனுக்குக் காட்டினா, நாளைக்கு தாசப்பாவோட மருமவன், அப்பால எவன் எவனோட சகலை. அப்புறம் நான் எதுக்கு, ஒரு கைகாட்டி மரத்த நட்டு வெச்சிடலாமே. கன்னியப்பனுக்கே காட்டாதவன், அவன் தம்பிக்குக் காட்டினா, அன்னிக்கு நான் செஞ்சதுக்கு இன்னா அர்த்தம்? வாங்கின பட்டைய கழட்டி தொரை மேஜை மேல வெக்க வேண்டியதுதான். இதயெல்லாம் அவளாண்ட ஸ்டேசன்ல நின்னுகினு சொல்ல முடியுமா? உத்தரவு உத்தரவுதான்னு மட்டும் சொன்னேன்.

வண்டி நகந்துச்சு. அவ ஜன்னலோடயே நடந்து வந்தா. "வாயால சொல்ல வேணாம். வெரல மட்டும் காட்டு, நான் புரிஞ்சிக்கறேன்"ன்னா. கொஞ்ச தூரம் ஓடக் கூட ஓடினா, அந்த ஒடம்ப வெச்சிகினு. நான் ரெண்டு கையாலயும் ஜன்னல் கம்பியப் புடிச்சிகினு இருந்தேன். பிளாட்பாரம் முடியற எடத்துல நின்னுட்டா. அல்லாரும் பாக்கறாங்க, பொம்பளைக்கு ஒரு வெக்கம் வேணாம்?

இப்ப நீங்க சொல்லுங்க. இதுல என் தப்பு எங்க இருக்குது?

திங்கக்கிழமை பகல் ஷிப்டு. வரதன் என் வரிசைலதான் வருவான், நான் மாத்தி உட மாட்டேன். கைய தூக்குன்னா தூக்குவான், வாயத் தொறன்னா தொறப்பான், நல்ல பையன். ஆனா வண்டி ஏறினதுல இருந்து யோசிச்சு ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன் சார். அவனக் கோவணத்த அவுக்கச் சொல்றப்ப, நான் மூஞ்சியத் திருப்பி செவுத்தப் பாத்துக்குவேன். ரூல்ல இல்ல. தொரை பாத்தா திட்டுவாரு. இருந்தாலும் பாத்துக்குவேன். கை மட்டும்தான் தடவும், கண்ணு பாக்காது. பட்டாளத்துலயும் சரி, இங்கயும் சரி, வேலை செய்யும்போது நான் எவனுக்காகவும் மூஞ்சியத் திருப்பினதில்ல. இது அவளுக்காக.

அவ ஜன்னலாண்ட ஓடி வரும்போது இது தோணல பாருங்க. இத அவளாண்ட சொல்லியிருந்தா ஏறியிருப்பா, இல்ல சார்?